ஒரு கேவலமான படமும் என் நண்பனின் பெருங்குடலும்

போன வாரம் கிளினிக்கில் ஒரு பெரியவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டார். "டாக்டர், உங்களுக்கெல்லாம் படம் பாக்க நேரம் கிடைக்குமா? என்ன மாதிரி படம் பிடிக்கும்?"

கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு கௌரவமான படத்தின் பெயரைச் சொன்னேன். அவரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பொய் சொல்லிட்டேன் ஐயா. எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் 'தி ஹேங்ஓவர்'. 2009-ல் வந்த அமெரிக்கப் படம். குடி, அம்மணம், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. சிறந்த நகைச்சுவைப் படம் என்று கோல்டன் குளோப் விருதே வாங்கியது, ஆனாலும் வெளியில் சொல்லக் கூச்சம்.

இவ்வளவு கேவலமான ஒரு படம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று ரொம்ப நாளாக யோசித்து வைத்ததை இந்த இழையில் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் காத்து, ஒரு ஆபரேஷன் எல்லாம் வரும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவங்க முடிச்சிட்டு வாங்க. காத்திருக்கேன்.

முதலில் கதை.

டக் என்பவனுக்குக் கல்யாணம். இரண்டு நாள் முன்னால் நண்பர்கள் அவனை லாஸ் வேகாஸுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஃபில், பள்ளி ஆசிரியர். ஸ்டூ, பல் டாக்டர். மூன்றாவது ஆள் ஆலன், மணப்பெண்ணின் சகோதரன், ஒரு தினுசான ஆசாமி. ஹோட்டல் மொட்டை மாடியில் நாலு பேரும் ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிக்கிறார்கள்.

அடுத்த காட்சி, மறுநாள் காலை. குளியலறையில் ஒரு புலி நிற்கிறது. அலமாரிக்குள் ஒரு கைக்குழந்தை. ஸ்டூவுக்கு முன்பல் ஒன்றைக் காணோம். மாப்பிள்ளையையும் காணோம். ராத்திரி என்ன நடந்தது என்று மூன்று பேருக்கும் சுத்தமாக ஞாபகம் இல்லை.

மிச்சப் படம் முழுக்க மாப்பிள்ளையைத் தேடுவதுதான்.

(அந்தப் பல் ஓட்டை நிஜம். ஸ்டூவாக நடித்த எட் ஹெல்ம்ஸுக்கு அந்த இடத்தில் நிரந்தரப் பல் முளைக்கவே இல்லை. பொருத்தியிருந்த இம்ப்ளான்ட் பல்லைப் படத்துக்காகக் கழற்றிக்கொண்டு நடித்தார்.)

ஞாபகம் ஏன் போச்சு? குடித்த கிளாஸில் கலந்திருந்தது ஃப்ளுனிட்ரசெபாம். பென்சோடயசெபின் குடும்பத்து மருந்து. போதை மாத்திரை என்று நினைத்து ஆலன் வாங்கியது வேறாகிவிட்டது. இந்த வகை மருந்து வேலை செய்யும் நேரத்தில் ஆள் நடப்பார், பேசுவார், சண்டைகூடப் போடுவார். ஆனால் மூளை எதையும் பதிவு செய்யாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மிடசோலத்தை நாங்கள் தினமும் கொலனோஸ்கோபிக்கு முன்னால் கொடுக்கிறோம். நோயாளி எங்களோடு பேசிக்கொண்டே இருப்பார். எழுந்தபின், "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்பார். இந்த மிடசோலம் கடைசியில் மறுபடி வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

(படத்தில் சிரிக்கிறோம். நிஜத்தில் ஒருத்தருக்குத் தெரியாமல் பானத்தில் மருந்து கலப்பது குற்றம். உயிரே போகலாம்.)

படத்தின் முதல் கெட்டிக்காரத்தனம் என்னன்னா, அந்த ராத்திரியை அது காட்டவே இல்லை. அசிங்கம் நடப்பதை நாம் பார்ப்பதில்லை. நடந்து முடிந்த அசிங்கத்தின் தடயங்களைத்தான் பார்க்கிறோம். ஃபில் கையில் ஒரு ஆஸ்பத்திரி பட்டை இருக்கிறது. அதை வைத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அங்கிருந்து அடுத்த இடம், அப்புறம் அடுத்தது. மயங்கிக் கிடந்தவரை யாரோ தூக்கி வந்து கேஷுவால்டியில் போட்டுவிட்டுப் போனால் நாங்களும் இதைத்தான் செய்வோம். சட்டைப்பையில் என்ன இருக்கு, உடம்பில் எங்கே காயம், வாயில் என்ன வாடை என்று பார்த்துப் பார்த்துக் கதையைப் பின்னோக்கிக் கட்டுவோம். எனக்கு இது துப்பறியும் படம் மாதிரி. நடுநடுவே வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற துப்பறியும் படம்.

நம்ம ஊரிலும் கிட்டத்தட்ட இதே எலும்புக்கூட்டில் ஒரு படம் உண்டு. 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்', 2012. அதிலும் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கிறது. கிரிக்கெட் ஆடும்போது விழுந்து தலையில் அடிபட்ட மாப்பிள்ளைக்குக் கடைசி ஒரு வருடம் மறந்துபோகிறது. கட்டிக்கப்போற பெண்ணையே தெரியவில்லை. படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாக நடந்த சம்பவம் அது. அங்கே மாப்பிள்ளையைக் காணோம், இங்கே மாப்பிள்ளையின் ஞாபகத்தைக் காணோம். இரண்டிலும் மாட்டிக்கொண்டு முழிப்பது நண்பர்கள்தான்.

ஆனால் தமிழ்ப் படத்தில் ஒரு கெட்ட வார்த்தை, ஒரு அசிங்கம் இல்லை. ஆக, கொச்சை இல்லாமலும் இந்தக் கதை சிரிக்க வைக்கும். அப்படின்னா ஹேங்ஓவரில் இருக்கிற அந்தக் கொச்சை எதற்கு? சும்மா மலிவான சிரிப்புக்கா?

இதற்கு ஹாஸ்டலுக்குப் போகணும்.

2010. நான் ஹவுஸ் சர்ஜன். ஹார்ட் டிஸ்க்கில் யாரோ கொண்டு வந்த படத்தை இரும்புப் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து ஒன்பது பேர் பார்த்தோம். 24 மணி நேர டூட்டி முடித்து வந்த ரெண்டு பேர் மேல் இன்னும் லேபர் வார்டு வாடை. என் பக்கத்தில் என் ரூம்மேட். பெயர் வேண்டாம், மாப்ள என்றே வைத்துக்கொள்வோம். புலியைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பில் கட்டில் குலுங்கியது.

மனிதர்கள் தனியாக இருக்கும்போதைவிடக் கூட இன்னொருவர் இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று ராபர்ட் ப்ரோவைன் என்ற ஆய்வாளர் கண்டார். அதனால்தான் இந்த மாதிரிப் படத்தைத் தனியாகப் பார்த்தால் சுமார், கூட்டமாகப் பார்த்தால் காவியம்.

2010-ல் பீட்டர் மெக்ராவ், கேலப் வாரன் என்ற இருவர் இன்னொரு விளக்கம் கொடுத்தார்கள். ஒரு விஷயம் வரம்பை மீறணும், அதே நேரம் ஆபத்தில்லை என்றும் தோணணும். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால் சிரிப்பு வரும். கிச்சுகிச்சு மூட்டுவதை நினைத்துப் பாருங்க. நண்பன் செய்தால் சிரிப்பு. பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் செய்தால் போலீஸ்.

கொச்சை ஜோக்குக்கும் அதே கணக்கு. எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தரை ஒருத்தர் மரியாதையாகக் கூப்பிட்டால்தான் பயம் வரும். "வாங்க டாக்டர்" என்று ஒருவன் சொன்னால் அவன் கோபமாக இருக்கிறான் என்று அர்த்தம். திட்டினால் எல்லாம் நலம். ஒருத்தன் வாந்தி எடுத்ததை இன்னொருத்தன் கழுவியிருக்கிறான். யாருக்கு எந்த உணவுக்கு வயிறு போகும் என்று ஒன்பது பேருக்கும் தெரியும். 'உன் அசிங்கம் எல்லாம் எனக்குத் தெரியும், இருந்தாலும் இங்கேயேதான் இருக்கேன்' என்பதை ஆண்கள் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். கெட்ட வார்த்தையில் சொல்வார்கள்.

ஹேங்ஓவரில் கொச்சை செய்கிற வேலை இதுதான். மூன்று பேரும் அடுத்தவன் முன்னால் முழுசாக அசிங்கப்பட்டு நிற்கிறார்கள். யாருக்கும் மானம் மிச்சமில்லை. ஆனால் ஒருத்தன்கூட "நான் கிளம்புறேன்" என்று போகவில்லை. நண்பனைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தேடலைக் கழற்றிவிட்டால் படத்தில் மிஞ்சுவது வெறும் வாந்திதான்.

சந்தேகம் இருந்தால் 2011-ல் வந்த இரண்டாம் பாகத்தைப் பாருங்க. ஊர் மட்டும் பாங்காக். அதே மறதி, அதே காலை. கொச்சை இன்னும் தூக்கல். எனக்குச் சிரிப்பு பாதிகூட வரவில்லை. அதில் காணாமல் போகிறவன் மணப்பெண்ணின் தம்பி. இவர்களுக்கே அவனை நேற்றுதான் தெரியும், நமக்கு எப்படித் துடிக்கும்?

எல்லாக் கொச்சையும் நல்லது என்று சொல்ல வரவில்லை. முதல் பாகத்திலேயே ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவு செய்கிற வசைச்சொல் ஒன்று வரும். 2010-ல் அதற்கும் சிரித்தேன். இன்று பார்த்தால் நெளிகிறது. நம்ம கவுண்டமணி, செந்தில் காமெடியையே எடுத்துக்கோங்க. உதை வாங்கினாலும் செந்தில் அடுத்த காட்சியில் வந்து கவுண்டமணியைப் பைத்தியம் பிடிக்க வைப்பார். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியில் கடைசியில் ஜெயித்தது யார்? அந்த ஜோடி சலிக்காததற்கு அதுதான் காரணம். அதே காலத்தில் நிறத்தை வைத்தும் முகத்தை வைத்தும் அடித்த ஜோக்குகள் இன்று கசக்கின்றன. திருப்பி அடிக்கிற இடத்தில் இருக்கிறவனைக் கிண்டல் செய்தால் விளையாட்டு. முடியாதவனைச் செய்தால் அது வேற.

இந்தப் படத்தில் எங்கள் ஜாதி ஆள் ஒருவர் உண்டு. கார் டிக்கியிலிருந்து பிறந்தமேனிக்குப் பாய்ந்து வருவாரே மிஸ்டர் சௌ, அவர்தான். நடித்த கென் ஜியாங் நிஜத்தில் டாக்டர். 1995-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, பொது மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்தவர். அம்மணமாகக் குதிக்கிற யோசனையே அவருடையதுதான்.

படம் எடுத்த சமயம் அவர் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். கீமோதெரபி போய்க்கொண்டிருந்தது. மனைவியும் டாக்டர். வீட்டில் இரட்டைக் கைக்குழந்தைகள். நடிக்கப் போகலாமா என்று தயங்கியவரைப் போகச் சொன்னதே மனைவிதான். அவர் வியட்நாமியப் பெண் என்பதால், சௌ பேசும் வசனத்தில் அவருக்கு மட்டும் புரிகிற மாதிரி வியட்நாமிய வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டார் கென். உலகமே பார்த்த கொச்சைப் படத்துக்குள் ஒரு கணவன் தன் மனைவியைச் சிரிக்க வைக்க ஒளித்து வைத்த ஜோக் அது. மனைவி குணமானார். 2010 எம்டிவி விருது மேடையில் அவருக்கு நன்றி சொல்லும்போது மனுஷன் அழுதார்.

சிரித்தால் நோய் குணமாகும் என்று இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீங்க. அவரைக் குணமாக்கியது சிகிச்சை. சிரிப்பு வேறு வேலைக்கு. அது என்ன வேலை என்று எனக்குப் புரிந்தது மூன்று வருடம் முன்னால்தான்.

எங்கள் ஹாஸ்டல் ஒன்பது பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதன் பெயரை இங்கே எழுத முடியாது. ஒருநாள் காலை மாப்ள எழுதினான்: "இன்னிக்கு பீட்ரூட் பொரியல் மச்சி."

டாய்லெட்டில் ரத்தம். அதைத்தான் அப்படிச் சொன்னான். மாப்ள இப்போது மயக்க மருந்து நிபுணர். "நாள் முழுக்க ஸ்டூல்ல உக்காந்தா மூலம்தான் வரும்" என்று ஒருத்தன் எழுதினான். "காரத்தைக் கொறடா நாயே" என்று எழுதியது நான். எல்லாரும் சிரிப்புப் பொம்மை போட்டோம்.

நாலு மாதம். நடுநடுவே பீட்ரூட் பொரியல் வந்துகொண்டே இருந்தது. குழுவில் இருந்தது ஒன்பது டாக்டர்கள். பொதுமக்கள் யாராவது இதே அறிகுறியோடு வந்திருந்தால் முதல் நாளே பரிசோதனைக்கு அனுப்பியிருப்போம். நண்பன் ஜோக்காகச் சொன்னதால் ஜோக்காகவே கேட்டோம்.

கண்டுபிடித்தவன் குழுவில் பேசவே பேசாத தோல் டாக்டர். ஒரு கிரகப்பிரவேசத்தில் மாப்ளயைப் பார்த்திருக்கிறான். ராத்திரி எனக்குப் போன் செய்தான். "அவன் பெல்ட்டைப் பாத்தியாடா? புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கான். அந்தப் பீட்ரூட் ஜோக்கு எனக்கு நல்லாப் படல."

அந்த வாரமே கொலனோஸ்கோபி. மிடசோலம் கொடுத்தார்கள். அவன் தலைமாட்டில் நின்றிருந்தேன். திரையில் சிக்மாய்டு பகுதியில் கட்டி தெரிந்தது. மாப்ளக்கு அப்போது வயது 36.

ஆபரேஷன் நடந்தது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துக் குடலை மறுபடி இணைத்தார்கள். அதற்கப்புறம்தான் எங்கள் வாழ்க்கையின் பெரிய கொச்சை காமெடி.

வயிற்றைத் திறந்து குடலைத் தொட்டால் குடல் கொஞ்ச நாள் வேலைநிறுத்தம் செய்யும். அது மறுபடி ஓட ஆரம்பித்ததற்கு முக்கியமான அடையாளம், காத்து பிரிவது. ஆமாம், குசுதான். எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் காலை ரவுண்ட்ஸில் கேட்கிற கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" குடும்பமே கட்டிலைச் சுற்றி நின்று அதற்காகக் காத்திருக்கும். உலகத்தில் வேறெங்கும் அதற்கு இவ்வளவு மரியாதை கிடையாது.

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் வயிறு லேசாக உப்பியது. எங்கள் குழுவில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. இணைப்பு எங்காவது கசிகிறதோ என்று ஒன்பது பேருக்கும் ஒரே பயம், ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாலாம் நாள் விடிகாலை ஐந்து மணிக்குப் போன். அவன் மனைவி. அழுகிற குரல்.

"அண்ணா... போயிடுச்சுண்ணா."

எனக்குக் கால் தரையில் இல்லை. "என்னம்மா சொல்ற? என்ன போயிடுச்சு?"

பின்னால் அவன் கத்துவது கேட்டது. "குசுன்னு சொல்லு! குசுன்னு சொல்லு!"

அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு குழுவில் போட்டேன். ஐந்து மணிக்கு எட்டுப் பேரும் முழித்துத்தான் இருந்திருக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் வந்த பதில்களில் ஒன்றைக்கூட இங்கே எழுத முடியாது.

அன்று சாயங்காலம் வார்டில் லேப்டாப் வைத்து ஹேங்ஓவர் பார்த்தோம். வயிற்றில் தையலோடு சிரித்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்வோம், இருமும்போது பிடிப்பது மாதிரி. மாப்ள தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நிறுத்துங்கடா, தையல் பிரியப்போகுது" என்று கெஞ்சிக்கொண்டே பார்த்தான். சிஸ்டர் வந்து, "டாக்டர்ஸ் மாதிரியா நடந்துக்கறீங்க" என்று எல்லாரையும் வெளியே அனுப்பினார். நியாயம்தான்.

சிரிப்பு அவனைக் குணப்படுத்தவில்லை. கத்தியும் ஆறு மாதக் கீமோவும்தான் அந்த வேலையைச் செய்தன. ஐந்து வருடக் கணக்கு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கு. சிரிப்பு செய்தது வேறு. வெட்கப்பட்டு மனைவியிடம்கூடச் சொல்லாததை, பீட்ரூட் என்ற பெயரிலாவது எங்களிடம் சொல்ல வைத்தது. அதே சிரிப்பு எங்கள் காதையும் நாலு மாதம் அடைத்து வைத்தது. இரண்டும் உண்மை.

அதனால் இப்போது இந்த மாதிரிப் படங்களுக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான். சிரித்து முடித்தபின் யாராவது எழுந்து தேடிப் போகிறார்களா? போனால் எவ்வளவு கொச்சையாக இருந்தாலும் நல்ல படம். நண்பர்கள் குழுவுக்கும் அதே அளவுகோல். எங்கள் குழுவில் எழுந்து போனது ஒரே ஒருத்தன். அது நான் இல்லை.

டாக்டராக ஒரு விஷயம். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீங்க. பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும், ஆனால் அதைப் பரிசோதித்தவர்தான் சொல்லணும். ரத்தத்தோடு மலம் போகும் பழக்கம் மாறினால், எடை குறைந்தால், காரணமில்லாமல் ரத்தசோகை வந்தால் தள்ளிப்போடவே கூடாது. விரல் விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்கு வெட்கப்படாதீங்க. எங்களுக்கு வெட்கமில்லை. உங்கள் நண்பன் இதை ஜோக்காகச் சொன்னால் சிரிச்சுக்கோங்க. சிரித்துவிட்டு, தனியாகப் போன் பண்ணிக் கேளுங்க.

ஹேங்ஓவர் முடிவில் அந்த ராத்திரி எடுத்த போட்டோக்கள் இருக்கிற கேமரா கிடைக்கும். ஒரே ஒரு தடவை பார்ப்போம், அப்புறம் அழித்துவிடுவோம் என்று நண்பர்கள் பேசிக்கொள்வார்கள்.

கொலனோஸ்கோபி அன்று மிடசோலம் ஏறியபின் மாப்ள என் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினான். எழுந்ததும் கேட்டான்: "எதாச்சும் உளறினேனாடா?"

"கொறட்டைதான் விட்ட. கேவலமா."

மிடசோலம் கொடுத்தவர்கள் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று தினமும் கேட்கிறவன் அவன். என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு ஒரு கெட்ட வார்த்தையில் திட்டினான்.

இந்த இழையை எழுத அவனிடம் அனுமதி வாங்கினேன். "எழுது, ஆனா குசுவ விட்டுடாத" என்றான். விடவில்லை மாப்ள.